கண்கொள்ளாக் காட்சிகள்: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வேடு

ஒரு மனிதர் தம் வாழ்நாளில் கண்ட காட்சிகளுள் ஆக அழகானது எது என்னும் வினா அறிஞர் உலகில் இதுவரை போதிய கவனம் பெறவில்லை. நெல்லின் ஈரப்பதத்துக்குக் கருவி உண்டு. மழைக்கு மானி உண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டத்துக்கு அடியும் புள்ளியும் போட்டுத் தினந்தோறும் பத்திரிகையில் கணக்கு உண்டு. கண்ட காட்சியின் அழகுக்கு மட்டும் அளவுகோல் கிடையாது. இக்குறையைப் போக்கும் பொருட்டுத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய மாவட்டங்களின் டீக்கடைகளில் இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. நிதி நல்கியவர் எவருமில்லை, டீக்காசு ஆய்வாளருடையது.

தஞ்சாவூர்ச் சீமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கண் பற்றிய ஆராய்ச்சி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் ஏடு சேர்ப்பதோடு நில்லாமல் கண் வைத்தியத்திலும் இறங்கினார். நோயாளியின் கண் எப்படி இருந்தது, என்ன சிகிச்சை செய்தார்கள் என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். ஓவியரைக் கொண்டு அந்தக் கண்களை வரைந்தும் வைத்தார்கள். அந்தக் கண் படங்களைச் சரஸ்வதி மகால் நூலகம் இன்றும் வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். கட்டை அவிழ்த்ததும் அந்தக் கண்கள் எதைப் பார்த்து, “அடடா” என்றன? மன்னர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடங்குகிறோம். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு வாக்கியம் உதவும் என்பதால் இதை இரண்டு முறை படித்துவிட்டு மேலே செல்லவும்.

முதலில் முறையியல். கேள்வியை நேராகக் கேட்டால் விடை வராது. “வாழ்க்கையிலேயே நீங்க பாத்த ரொம்ப அழகான காட்சி எதுங்க?” என்றால், கேட்கப்பட்டவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். “எதுக்குக் கேக்குறீங்க, இன்சூரன்ஸா?” என்பார். இல்லை என்றதும், “அப்ப எலெக்‌ஷன் ஏதும் வருதா?” என்பார். அதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, “நாம என்னத்தங்க பெருசா பாத்துட்டோம்” என்று முடிப்பார். இம்மூன்றையும் பூச்சிய விடைகள் என்று தள்ளிவிட வேண்டும். இரண்டாவது டீ வந்தபின், கிளாஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு, நம்மைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி அவராகச் சொல்லத் தொடங்குவதே தரவு. மாதிரியின் அளவு: பெஞ்சு கொள்ளும் அளவு. தேர்வு முறை: யார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்களோ அவர்கள். கிராமத்து டீக்கடைப் பெஞ்சில் பெண்களைக் காண்பது அரிது. ஆதலால் ஆய்வு நடவு வயல், ரேஷன் கடை வரிசை, கூட்டுறவுச் சங்க வாசல் ஆகியவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது.

நியாயப்படி முதல் விடை பெரிய கோயிலாக இருந்திருக்க வேண்டும். ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தது. விமானம் மட்டும் சுமார் 216 அடி. 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஒரு காலத்தில் ஆயிரம் ரூபாய் நோட்டிலும் அச்சானது. ஆனால் பெஞ்சில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. மதிப்பில்லாமல் இல்லை, வெளியூர்க்காரர் யாரேனும் கோயிலைக் குறை சொன்னால் அதே பெஞ்சு சண்டைக்கு வரும். கோயில் எங்கும் போய்விடாது என்பதுதான் சிக்கல். இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கும் இருக்கும், மெட்ராஸிலிருந்து மச்சினர் வந்தால் அழைத்துப்போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்படுகிறது. அப்படி வரும் மச்சினரும், “விமானத்து நிழல் தரையில விழாதாமே, நெசமா மாப்ள?” என்று விசாரித்துவிட்டு அண்ணாந்து ஆராய்வார். கல்தரை காலைச் சுடுகிறதே என்று அவர் ஒதுங்கி நின்று ஆராயும் இடம் அந்த விமானத்தின் நிழல்.

கோயிலின் உள்ளே ஒரு காட்சி உண்டு. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருட்டு அறைக்குள் விளக்கோடு நுழைந்தார். மேலே பூசியிருந்த நாயக்கர் காலத்து ஓவியத்தின் அடியில் சோழர் காலத்து வண்ணம் தெரிந்தது. ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு இருட்டில் கிடந்த முகங்கள் வெளிச்சத்துக்கு வந்த அந்தக் கணம், இந்த ஆய்வின் பொருளுக்கு மிகச் சரியான உதாரணம். மேல்தளத்தில் 81 கரணச் சிற்பங்களும் இருக்கின்றன. ஆனால் இந்த இரண்டு இடங்களுக்கும் பொதுமக்களை விடுவதில்லை. பாதுகாப்பு கருதிச் செய்த ஏற்பாடு. குறை சொல்ல முடியாது. தஞ்சாவூரின் ஆக அழகான காட்சியைத் தஞ்சாவூரார் பார்க்க இயலாத காரணத்தால் அது போட்டியிலிருந்து விலக்கப்படுகிறது.

இதிலிருந்து முதல் கருதுகோள் உருவாகிறது. நிற்பது அழகாகாது, வர வேண்டும், அல்லது போக வேண்டும்.

இதைச் சோதிக்கத் திருவாரூர் சென்றோம். அங்கே ஆழித்தேரை ஒருவர் விடாமல் சொல்கிறார்கள். அலங்காரம் முடிந்தால் 96 அடி உயரம், எடை சுமார் 300 டன். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 1970-இல் மறுபடி ஓடியது. அந்த ஓட்டத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்லும்போது குரல் ஏறுகிறது. ஓடாமல் நின்ற வருஷங்களிலும் அதே தேர்தான், அதே உயரந்தான். அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டியது, தேர் நேர்வீதியில் ஓடுவதைவிட மூலையில் திரும்புவதுதான் காட்சி என்று திருவாரூர்க்காரர்கள் ஒருமுகமாகக் கூறுவது. இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தின் கைவண்ணம். ஆனாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் போனபாடில்லை. சக்கரம் உருண்டு வருகிறது. அதன் வாயில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். சீக்கிரம் கொடுத்தால் தேர் நின்றுபோகும், தாமதித்தால் வீட்டுத் திண்ணை போகும். வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கானவர்கள், “ஆரூரா, தியாகேசா” என்று மேலே பார்த்துக் கும்பிடும்போது, இவர்கள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தேரோட்டத்தை ஆயுள் முழுக்கப் பக்கத்தில் இருந்து நடத்தியும் அதைப் பார்க்காதவர்கள் என்று ஒரு வகுப்பு உண்டென்றால் அது இதுதான். பொதுவழக்கில், காரியத்தைக் கெடுக்கிறவனை முட்டுக்கட்டை போடுகிறான் என்று திட்டுகிறோம். அந்த வழக்கைத் தொடங்கியவர் திருவாரூரில் தேர் பார்த்ததில்லை என்பது இவ்வாய்வின் துணை முடிவு.

மற்ற விடைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நீடாமங்கலம் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள், ரயில்வே கேட் மேலே எழும் காட்சியைச் சொன்னார்கள். வேர்க்கடலை விற்கிறவர் மட்டும் இதை மறுத்தார். அவருக்குக் கேட் இறங்குவதே அழகு. ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்த பிறகு, நாள்கணக்கில் இருட்டில் கிடந்து, ஒரு ராத்திரி வீட்டுப் பல்பு சட்டென்று எரிந்ததைச் சொன்னார்கள். அந்த வெளிச்சத்தில் தெரிந்தது விழுந்த தென்னை மரங்கள் என்பதையும் அவர்களே சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்கள். இதற்கு மேல் இந்தத் தரவைக் கிளற ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.

பெண்களின் விடைகளில் இரண்டு வகை. சிறு விவசாயி வீட்டுப் பெண்களுக்கு, அடகு வைத்த நகை திரும்பி வருவது. கூட்டுறவுச் சங்கத்தில் பித்தளைத் தராசு காலம் போய் எலெக்ட்ரானிக் தராசு வந்தாலும், சின்னத் துணிப்பையின் அரக்கு முத்திரையை உடைத்து நகையை மேஜையில் கொட்டும் ஓசை மாறவில்லை என்கிறார்கள். ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்து 2021-இல் அரசாணை வந்தபோது, சங்கிலி வீட்டுக்கு வந்த நாளைக் கல்யாண நாளைவிடத் தெளிவாக நினைவு வைத்திருப்பவர்கள் உண்டு. மறு பருவத்துக்கே அது மறுபடி சங்கத்துக்குப் போயிருக்கலாம். வருவதும் போவதுமாக இருப்பதால் அழகு குறையவில்லை என்பதைக் கருதுகோளோடு சேர்த்துப் பார்க்க.

நடவு ஆட்களின் விடை வேறு. இதை அறிஞர்கள் கூர்ந்து படிக்கக் கோருகிறோம். படுகையின் அழகு என்று காலண்டரிலும் சினிமாவிலும் காட்டுவது நடவு வயல்: பச்சை நாற்று, வரிசையாகப் பெண்கள், தூரத்தில் கோபுரம். இந்தக் காட்சி வரப்பில் நிற்பவருக்கு மட்டுமே உரியது. வயலுக்குள் குனிந்திருப்பவருக்குத் தெரிவது தன் கால், சேறு, அடுத்து ஊன்ற வேண்டிய இடம். கோபுரம் முதுகுக்குப் பின்னால். தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்களை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்ததே 1952-இல்தான். அதற்கு முன்னும் வயல் இதே பச்சைதான். “உனக்கு எது அழகு, ஆயா?” என்று கேட்டதற்கு, நாற்று முடியைக் கீழே வைக்காமலே ஒருவர் சொன்னார்: “கரையேறுறதுதான், தம்பி. இடுப்ப நிமித்தி ஒரு பார்வ பாப்பம்ல, அது.” எதைப் பார்ப்பீர்கள் என்று மேற்கொண்டு கேட்டதற்கு, பதில் சொல்ல நேரமில்லை, வேலை கிடக்கிறது என்று அனுப்பிவிட்டார். இப்போது நடவு இயந்திரம் பெருகிவிட்டது. அதை ஓட்டுகிறவர் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். ஆனால் அவர் செல்போனில் பாட்டு மாற்றுகிறார்.

நெல் விளைந்த பின் உள்ள காட்சிகளில் முதன்மையானது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் உள்ளது. சுற்றுலாத் துறை இதை ஏனோ இன்னும் கண்டுகொள்ளவில்லை. விவசாயி தார்ரோட்டில் நெல்லைக் காயவைத்து, காலால் கிளறி, வானத்தை முறைத்து, தார்ப்பாயைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டு, கடைசியில் குவியலைக் கொண்டுவந்து சேர்க்கிறார். இரண்டு நெல்லைப் பல்லில் கடித்து, “டக்குனு ஒடையுது பாருங்க சார், காஞ்சிட்டு” என்று தம் கருவியின் அளவீட்டைச் சொல்கிறார். கொள்முதல் எழுத்தர் தம் கருவியில் ஒரு பிடியைப் போடுகிறார். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது விதி. மழைக்காலத்தில் 22 வரை தளர்த்தச் சொல்லி மத்திய அரசுக்குக் கோரிக்கை போவதும், குழு வந்து நெல்லை அள்ளிப் பார்ப்பதும் அடிக்கடி நடக்கிற சங்கதி. சின்னத் திரையில் எண் ஓடுகிறது. 17.4, 17.2. இந்த இடத்தில் கூடியிருக்கும் அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள், ஏதோ மூச்சுக்காற்று பட்டால் ஈரம் ஏறிவிடும் என்பது போல. 16.8-இல் நிற்கிறது. அந்த எண்ணின் வடிவழகை விவரிக்கச் சொற்கள் போதாது என்று கூறியவர் ஒரு தமிழாசிரியர். பகுதி நேர விவசாயி.

அதற்குப் பின் 40 கிலோ சிப்பமாகப் பிடித்துத் தைத்து அடுக்குவது வரை சரி. பிறகு லாரி வர வேண்டும். வராத நாள்களில் மூட்டை நனையும், முளைக்கும், செய்தியாகும். ஆகவே அந்தப் பக்கத்து ஊர்களில் லாரியின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே, அதாவது ஏற்றிக்கொண்டு போகும்போது தெரிவது, அழகாகக் கருதப்படுகிறது. போவதிலும் அழகு உண்டு என்ற கருதுகோளின் இரண்டாம் பாதி இத்தோடு நிறுவப்பட்டதாகக் கொள்க.

இனி மைய வாதத்துக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாவற்றையும் சொன்னவர்களே, அவற்றைச் சொல்லி முடித்து, காசு கொடுக்க எழுந்தபின், போகிற போக்கில் இன்னொன்று சொன்னார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். வறண்டு கிடக்கும் ஆற்றில் முதல் தண்ணீர் வருவது.

வெளியூர் வாசகருக்காகச் சில விவரங்கள். 1934-இல் திறந்த மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைக்குத் தண்ணீர் திறக்க வேண்டிய வழக்கமான நாள் ஜூன் 12. மூடுவது ஜனவரி 28. அணையில் விட்ட தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையில் அது காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரிகிறது, மிஞ்சினால் கொள்ளிடம். அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று கிளைத்துக் கிளைத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர மேலும் பல நாள். ஆண்டவனுக்கும் பொறியாளருக்கும் மட்டும் தெரிந்த கணக்கு அது என்பார்கள். டீக்கடைப் பெஞ்சுக்கும் தெரியும். வீட்டில் பேரன் படிக்கும் வகுப்பு நினைவில்லாத பெரியவருக்கு நேற்றைய மேட்டூர் மட்டமும், நீர்வரத்தும், திறப்பும் கன அடி பிசகாமல் தெரிகின்றன. 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு விதித்த 177.25 டி.எம்.சி.யில் அந்தப் புள்ளி இருபத்தைந்தை அவர் ஒருநாளும் விட்டுச் சொல்வதில்லை.

அணையில் திறக்கும்போது பெரிய விழா. பொத்தானை அழுத்துவார்கள், மதகு வழியே நுரையோடு வெள்ளம் பாயும், மலர் தூவுவார்கள், தொலைக்காட்சி வரும். கல்லணையில் அமைச்சர்களும் ஆட்சியர்களும் பூவும் நெல்மணியும் தூவுவார்கள். அதற்குக் கீழே பொறியாளர். அதற்கும் கீழே மதகைத் திறந்து மூடும் லஸ்கர். கடைமடையில் யாரும் கிடையாது. காட்சியின் அழகோ நேர் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டே போகிறது. தலைஞாயிறு, சேதுபாவாசத்திரம் பக்கத்தில் கேட்டவர்கள் சொன்ன அழகு, திருவையாற்றில் கேட்டதைவிடப் பல மடங்கு. எனவே முதல் விதி: ஓரிடத்தில் வரும் தண்ணீரின் அழகு, அங்கு நிற்கும் அதிகாரிகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் பதிவு செய்வது ஆய்வறம். அது தெளிந்த நீரல்ல. டிகாக்‌ஷன் நிறம். முன்னால் ஒரு அழுக்கு நுரை. அதில் சருகு, தெர்மாகோல், ஒற்றைச் செருப்பு, குவார்ட்டர் பாட்டில், நெய்வேலிக் காட்டாமணக்குக் குச்சி, எங்கோ மேலே இருந்த வெங்காயத்தாமரையின் ஒரு கொத்து. சினிமாவில் வருவது போல ஆளுயர அலையாகவும் வராது. ஊருக்குப் புதிதாக வந்த ஆள் விலாசம் விசாரித்துக்கொண்டு வருவது போல, ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, நிரம்பி, யோசித்து, அடுத்ததற்கு நகர்கிறது. வெடித்த மண்ணுக்குள் புகும்போது உள்ளிருந்து காற்று குமிழியாக வெளியேறிச் சளசளக்கிறது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுகின்றன. பொந்திலிருந்து எலி வெளியேறுகிறது. எலியை எதிர்பார்த்து நாய். நண்டையும் பூச்சியையும் எதிர்பார்த்துக் கொக்கு. சிறுவர்கள் தண்ணீருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வருகிறார்கள். கால் விரலைத் தொட்டால் ஒரு கூச்சல், இரண்டடி பின்னால், மறுபடி. இவர்களுக்கும் தண்ணீருக்கும் ஒரே வேகம் என்பதால் ஒரு வாய்க்காலைக் கடக்க அரை நாள் ஆகிறது. பள்ளிக்கூடம் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது.

கரையில் பெரியவர்கள் நிற்கிறார்கள். யாரும் ‘அழகு’ என்று வாயால் சொல்வதில்லை. “வந்துட்டு” என்கிறார் ஒருவர். “வந்துட்டுப்பா” என்கிறார் இன்னொருவர். கொஞ்ச நேரம் கழித்து, “வேகம் பத்தல” என்று மூன்றாமவர் குறை சொல்ல ஆரம்பிக்கிறார். அழகுணர்ச்சி உச்சத்தைத் தொட்டதற்கு இந்தப் பகுதியில் இதுவே அடையாளம். பிறகு மதகுக்குப் போய் லஸ்கரைப் பிடிக்கிறார்கள். “அண்ணே, நம்ம பக்கம் நாலு சுத்து கூடத் தூக்குங்கண்ணே.” அவர் கிரீஸ் பூசிய திருகுத்தண்டில் சாவியை மாட்டி இரண்டு சுற்று சுற்றுகிறார். மீதி இரண்டு சுற்று ராத்திரியில் யாரால் சுற்றப்பட்டது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இப்போது சூத்திரம். வர வேண்டிய நாளுக்கும் வந்த நாளுக்கும் உள்ள இடைவெளியே அழகின் அளவு என்று முதலில் கொண்டோம். அணை திறந்த தேதிகள் பொதுப் பதிவில் இருப்பவை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு அப்படி மே மாதத்தில் திறந்தது அதுவே முதல் முறை. சூத்திரப்படி அந்த ஆண்டின் அழகு கழித்தல் 19. வறட்டு உழவு போடவில்லை, விதை வாங்கவில்லை, அதற்குள் வாசலில் தண்ணீர் என்றால் அழகைவிடப் பதற்றமே மிகும். ஆகவே குறை எண் பொருந்துகிறது. 2020, 2021, 2023, 2025 ஆகியவற்றில் ஜூன் 12 அன்றே திறந்ததால் பூச்சியம். 2024-இல் ஜூலை 28, அழகு 46. 2012-இல் செப்டம்பர் 17, அழகு 97. 2017-இல் அக்டோபர் 2; 112 என்று உச்சத்துக்குப் போகிறது.

இந்த எண்ணைப் பெஞ்சின் முன் வைத்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. “அக்டோபர்ல வந்த தண்ணிய அழகுன்னு எவன் சொன்னான்? குறுவ போச்சு. சம்பாவுக்கு நாத்தங்கால் கருகிக் கெடக்கு. வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கச் சொல்றியா?” என்றார் ஒரு மாமா. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஆக, தாமதம் ஏற ஏற அழகு ஏறுகிறது, விதைக்க நாள் இருக்கும் வரைக்கும். அந்த நாள் கடந்துவிட்டால் அதே தண்ணீர், அதே நுரை, அதே ஒற்றைச் செருப்பு. பார்க்கிறவருக்கு வயிறு எரிகிறது. வரைபடத்தில் இந்தக் கோடு ஏறி, ஒரு தேதியில் செங்குத்தாக விழுகிறது. அந்தத் தேதி எது என்பதை ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்களின் வயதைக் கொண்டு கணக்கிடலாம். 105, 110 நாளில் கதிரறுக்கும் குறுவை ரகத்துக்கு ஒரு தேதி, ஐந்து மாதம் பிடிக்கும் சம்பாவுக்கு ஒரு தேதி. அழகியலை நெல்லின் வயதோடு இணைத்தது இவ்வாய்வின் பங்களிப்பு. மேல்நாட்டு அழகியலாளர்கள் நாற்றங்கால் விட்டவர்கள் அல்லர் என்பதால் அவர்களுக்கு இது பிடிபடாமல் போயிருக்கலாம்.

கல்கியை இங்கே சாட்சிக்கு அழைக்கலாம். படுகைக்காரர். ஐந்து பாகம் எழுதப்போகிறார், அரண்மனை இருக்கிறது, சதி இருக்கிறது, யானை இருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னை அவர் தொடங்கியதோ ஆடிப்பெருக்கன்று நிறைந்து கிடக்கும் வீராணம் ஏரிக் கரையில். வந்தியத்தேவன் குதிரையை நிறுத்திப் பார்ப்பதும் தண்ணீரைத்தான். தொடர்கதைக்கு ஆள் சேர்க்கத் தெரிந்தவர், எந்தக் காட்சிக்கு இந்த ஜனம் நிற்கும் என்பதும் தெரிந்தவர். ஆடி 18 அன்று திருவையாற்றுப் படித்துறையிலும் கும்பகோணத்திலும் காப்பரிசியும் காதோலைக் கருகமணியுமாகக் கூடும் பெண்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. தண்ணீர் வராத வருஷங்களில் அதே படித்துறையில் பம்புசெட் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இளைஞர்கள் இந்த முடிபை ஏற்க மாட்டார்கள் என்று ஓர் ஐயம் எழலாம். எழுந்தது. கொடைக்கானல் என்றார் ஒரு பையன். மெரினா பே என்றார் லீவில் வந்திருந்த இன்னொருவர். மன்னார்குடிப் பக்கத்தவர், சிங்கப்பூரில் வேலை. அவருடைய தாயாரை விசாரித்ததில் வேறு செய்தி கிடைத்தது. ஜூன் மாதம் பிறந்தால் போதும், அங்கிருந்து வீடியோ காலில், “அம்மா, ஆத்துல தண்ணி வந்துட்டா? கொஞ்சம் அங்கிட்டுக் காட்டு” என்று கேட்பாராம். அம்மா போனைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார். பாதி நேரம் தன் கட்டைவிரலையும் மீதி நேரம் வேப்பமரத்தையும் காட்டுவார். “தண்ணியக் காட்டும்மா” என்று இவர் அங்கே கத்துவார். தெரிந்தது கலங்கலாக நாலு விரற்கடை. “சரி, போதும்” என்று வைத்துவிடுவாராம். மெரினா பேயை அவர் யாருக்காவது இப்படிப் பதற்றத்தோடு காட்டினாரா என்று கேட்டோம். பதில் சொல்லாமல் சிரித்தார். சிரிப்பு, தரவாகப் பதியப்பட்டது.

முடிபைச் சரிபார்க்க விரும்பும் அறிஞர்களுக்குச் சில குறிப்புகள். நாள் பார்த்து டிக்கெட் போட வேண்டாம். மேட்டூர் மட்டத்தைப் பார்த்துப் போடுங்கள். கல்லணையில் நிற்காதீர்கள், கூட்டம். பஸ் ஏறிக் கடைமடைக்குப் போங்கள். போனால் போகிறது என்ற செருப்பையே போட்டுக்கொள்ளுங்கள். ‘எப்போது வரும்’ என்று கரையில் யாரையும் கேட்காதீர்கள். அதைத்தான் அவர்களும் மே மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்ட பொட்டலத்தையும் பாட்டிலையும் வாய்க்காலில் வீசாதீர்கள். அது மதகில் மாட்டினால் கீழே உள்ள ஊருக்குக் காட்சி ஒருநாள் தள்ளிப்போகும். ஜனவரி 28-க்குப் பிறகு வருவதாக இருந்தால் பார்ப்பதற்கு மணல் மட்டுமே இருக்கும், அதையும் ராத்திரி லாரிகள் விட்டுவைத்திருந்தால்.